தூணைப் பார்த்த வாத்து

எங்கள் வீட்டு மடிப்புத்திரையில் ஒரு காட்டு வாத்து உண்டு. நாணல் கரையில் நின்றுகொண்டு, கழுத்தை நீட்டி, அலகை மேலே தூக்கி, திரைக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருக்கும். வெளியே இருப்பது எங்கள் தூண். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து அது அந்தத் தூணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஏன் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கியோட்டோவில் புது மருமகள் கேட்கிற கேள்வி இல்லை அது. பிறகு நான் புது மருமகளாக இல்லாமல் போனபோது கேட்க மறந்துவிட்டேன்.

திரைகள் இரண்டு, ஒரு ஜோடி. ஒவ்வொன்றுக்கும் ஆறு மடிப்பு. எங்கள் எழுத்தைப் போலவே வலமிருந்து இடமாகப் படித்துக்கொண்டு போக வேண்டும். வலது திரையில் குளிர்காலம்: காய்ந்த நாணல், அசையாத நீர், இரை தேடும் வாத்துகள், வலது ஓரத்துக் கரையில், பொன் பூசிய மூட்டத்துக்குக் கீழே, நம் தூண் பார்க்கும் வாத்து. இடது திரையில் வசந்தம் பிறக்கிறது. வில்லோ மரத்தில் மொட்டு கட்டியிருக்கிறது. வடக்கிலிருந்து வந்த வாத்துகள் வீடு திரும்பக் கிளம்பிவிட்டன. கூட்டம் கூட்டமாக இடது ஓரத்தை நோக்கிப் பறக்கின்றன. கடைசி மடிப்பில் ஒரு வாத்தின் பின்பாதி மட்டும்தான் இருக்கும். முன்பாதி ஏற்கெனவே போய்விட்டது.

அந்தப் பின்பாதியால்தான் எனக்கு வம்பு வந்தது.

நிவா இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். கிமோனோத் துணிகளுக்குப் பூவும் பறவையும் வரைந்து கொடுத்தே வாழ்ந்தவர். மனைவி போய்ச் சேர்ந்து வெகுநாளாகிறது. என் கணவரோடு கோ என்ற கல்லாட்டம் ஆடுவார். என் கணவர் இறந்து ஓராண்டு கழிந்த பிறகு ஒரு புதன்கிழமை வாசலில் வந்து நின்று, "பலகை சும்மாவா கெடக்கு?" என்று கேட்டார். சும்மாதான் கிடந்தது. அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் வந்தார். கறுப்புக் கல் எனக்கு, வெள்ளைக் கல் அவருக்கு. பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். தோற்றதும் பலகையை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "எங்க கோட்டை விட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, நானே வீட்டுக்குப் போற வழியில கண்டுபிடிச்சுக்கறேன்" என்பார்.

ஆட்டத்துக்கு நடுவில் தொழில் கதைகள் சொல்வார். ஒரு கலியாணக் கிமோனோவில் ஒற்றைக் கொக்கு வரைந்துவிட்டாராம். பெண்ணின் அத்தை பார்த்துவிட்டு முகம் வெளுத்துப் போனாளாம். தனிக் கொக்கென்றால் விதவைக் கோலம் இல்லையா? ராவோடு ராவாக இன்னொரு கொக்கைக் கைமடிப்பின் உட்புறத்தில் ஒளித்து வரைந்து கொடுத்தாராம். "அந்தப் பொண்ணு இப்ப நாலு பேரப் பிள்ளைங்களோட இருக்கா. அந்த ரெண்டாவது கொக்கு உள்ள இருக்கறது அவளுக்குத் தெரியவே தெரியாது" என்று சொல்லிச் சிரிப்பார். அவர் கண்ணுக்குப் பூ வெறும் பூவாகத் தெரிந்ததே இல்லை. நான் ஜாடியில் ஹைட்ரேஞ்சியா வைத்தால், "நெறம் மாத்தற பூவாச்சே, யார் மேல கோபம்?" என்று விசாரிப்பார்.

பிப்ரவரிக் கடைசியில் தொலைபேசியில் கூப்பிட்டார். "வர்ற புதன்கிழமை, ஆட்டத்துக்கு முன்னால கொஞ்சம் பேசணும்" என்றார். குரலில் புதிதாக ஒரு கரகரப்பு இருந்தது.

என்ன பேச வருகிறார் என்று எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ளாமல் வைத்திருந்தேன். மூடி போட்டுச் சிறுதீயில் வைத்த பாத்திரம் போல அது பல மாதங்களாக உள்ளே இருந்தது. மூடியைத் திறக்காதவரை என்ன வேகிறது என்று பார்க்க வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை முன்னறையை அவர் கண்ணால் பார்த்தேன். முந்தின இலையுதிர் காலத்துப் புயலில் மழை கசிந்து, சுவரில் ஒரு தாம்பாளம் அளவுக்கு மண்பூச்சு பெயர்ந்திருந்தது. புதன்கிழமைதோறும் அவர் பார்த்த சுவர்தான். ஆனால் அன்று அது அசிங்கமாகப் பட்டது. எதையாவது வைத்து மறைக்க வேண்டும்.

சேமிப்பறையில் மூன்று திரைகள் இருந்தன. பொன் பூசிய பைன் மரமும் கொக்கும் ஒன்று. கலியாணத்துக்கு மட்டும் எடுப்பது. அவர் ஒன்றும் சொல்லும் முன்பே அதை எடுத்து வைத்தால் வாசலில் மேளம் கட்டி நிறுத்தியது போல ஆகிவிடும். அடுத்தது ஜோடியின் வலது திரை. குளிர்காலம் முடிந்துவிட்டது, போன பருவத்தைக் கூடத்தில் வைத்திருப்பது கசங்கிய துணியோடு விருந்தாளியை வரவேற்பதற்குச் சமம். மிஞ்சியது இடது திரை. வில்லோ மொட்டு, கிளம்பும் வாத்துகள். பிப்ரவரிக் கடைசிக்கு அச்சு அசலாகப் பொருந்தியது. வைத்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்று பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நிவா கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வந்தார். கையில் பக்கத்து வீட்டு இட்சுகோ கடையின் பெரிய இனிப்புப் பெட்டி. திறந்து பார்த்தால் நடுவில் இரண்டே இரண்டு இனிப்புகள், பச்சை மாவு தூவிய குட்டிப் பறவை வடிவத்தில். தேநீர் வைத்தேன். அவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார். அதாவது திரைக்கு எதிரே. கண்களை உயர்த்தினார். வலது ஓரத்து வில்லோவிலிருந்து தொடங்கி, மடிப்பு மடிப்பாக, அவருடைய பார்வை போவதை நான் கவனித்தேன். கடைசி மடிப்பில் அந்தப் பாதி வாத்திடம் போய் நின்றது.

"கெளம்பிடுச்சு போல" என்றார்.

பருவத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். திரை எடுத்து வைத்ததைக் கவனித்துவிட்டாரே என்று சந்தோஷமாகவும் இருந்தது. "ஆமா, இந்த வருஷம் சீக்கிரமே!" என்றேன், சிரித்த முகத்தோடு.

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். கோப்பையை இரண்டு கையாலும் மெதுவாக வைத்தார். "பகல் நீண்டுக்கிட்டு வருது இல்ல?" என்றார். "நீண்டுக்கிட்டு வருது" என்றேன். "அப்ப நானும் கெளம்பறேன்" என்றார். ஆட்டம் ஆடவில்லை. வாசலில் குனிந்து ஷூ போட்டுக்கொள்ளும்போது அவருடைய பின்கழுத்தில் முடி புதிதாக வெட்டியிருந்தது தெரிந்தது. அதைப் பார்த்து எனக்கு ஏன் சங்கடமாக இருந்தது என்று அப்போது புரியவில்லை.

அடுத்த புதன்கிழமை முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினார். அதற்கடுத்ததும் முழங்கால். பிறகு சொல்லி அனுப்பவும் இல்லை.

செர்ரி பூத்து, கொட்டி, இலை விட்டது. புதன்கிழமை மதியம் நான் பலகையைத் துடைத்து வைப்பேன். மூன்று மணிக்கு எடுத்து உள்ளே வைப்பேன். எனக்கு ஆட்டம் போனது குறையாக இல்லை. கல் வைக்கும் சத்தம்தான் காதில் இல்லாமல் இருந்தது. அவர் கல்லை வைத்த பிறகு இரண்டு விரலையும் உடனே எடுக்க மாட்டார், கொஞ்ச நேரம் அதன் மேலேயே வைத்திருப்பார், அது எழுந்து ஓடிவிடும் என்பது போல. என் வீட்டில் எந்தச் சத்தம் எனக்குத் தேவைப்பட்டது என்று அந்த வசந்தத்தில்தான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன்.

மே மாதம் இட்சுகோ ஓக் இலையில் சுற்றிய அரிசி உருண்டைகளோடு பின்கட்டு வழியாக வந்தாள். அவள் தெற்கே ககோஷிமாவிலிருந்து இந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பாதி ஆயுள் இங்கேதான், இருந்தும் வாய் இன்னும் ககோஷிமாதான்.

"அக்கா, நீங்க என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க? அந்த மனுஷன் எங்க கடைக்கு வந்து ஒத்த ரொட்டி வாங்கிட்டுப் போறார்."

"எந்த மனுஷன்?"

"ஊர்ல இருக்கற மத்த மனுஷனுக்கெல்லாம் நான் எதுக்கு இங்க வர்றேன்? நிவா-சான்தான். வாத்தெல்லாம் வடக்க போயாச்சுன்னு கல்லாவுல நின்னு என்கிட்ட சொல்றார். மே மாசத்துல! நான் கேட்டேன், எந்த வாத்துன்னு. உங்க பேரச் சொல்லி, கினுயே-சான் வீட்டுல இருந்த வாத்துன்னார். தலையும் புரியல, வாலும் புரியல."

எனக்கு வால் புரிந்தது. வாலோடு உள்ள அந்தப் பின்பாதி மொத்தமும் புரிந்தது. கையிலிருந்த உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டேன்.

"இட்சுகோ, அன்னிக்கு அவர் ரெண்டே ரெண்டு இனிப்பு கொண்டாந்தார்."

"நான்தானே வித்தேன்! எப்பவும் எட்டு வாங்கறவர். ரெண்டு போதும்னார், ஆனா பெரிய பெட்டியில வைம்மான்னார். வசந்தத்துல மொதல்ல கூவற குருவி, அதுவும் ஜோடியா. நான் கட்டிக் கொடுக்கறப்பவே மனசுக்குள்ள வாழ்த்திட்டேன். நீங்க என்ன பண்ணீங்க?"

"தின்னுட்டு, நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"ஐயோ அக்கா!"

"திரையில வாத்து கெளம்பறத வச்சிருந்தேன். அவர் கெளம்பிடுச்சான்னு கேட்டார். ஆமா சீக்கிரமேன்னு..."

இட்சுகோ என் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், உங்களுக்கெல்லாம் வாய் எதுக்கு இருக்குன்னு எனக்கு இன்னும் வெளங்கல. போய் நேரா சொல்லிட்டு வாங்க, சுவத்துல ஓட்டை, அத மறைக்கத்தான் வச்சேன்னு" என்றாள்.

"எந்தக் கேள்விக்குப் பதிலா அத சொல்றது? அவர் என்கிட்ட ஒண்ணும் கேக்கலையே."

"கேக்க வந்தாரே!"

"வந்தார். கேக்கல. கேக்காத கேள்விக்கு நான் வேண்டாம்னு சொல்லலைன்னு போய்ச் சொன்னா, சரின்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?"

"ஆகட்டுமே. சரிதானே?"

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இலைகளை மட்டும் பொறுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் எழுந்து போனாள். ககோஷிமாக்காரர்களுக்கும் சில சமயம் வாயை மூடத் தெரியும்.

அன்று பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்தேன். பருவத்தைப் பார்த்துத்தான் அந்தத் திரையை வைத்தேன், அது உண்மை. ஆனால் பிரித்து நிறுத்தியபோது பாதி வாத்தின் மேல் என் கண் விழுந்ததே, அப்போது உள்ளே என்ன இருந்தது? பெருமை என்று சொன்னேன். அதற்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்தது. என் கணவரின் கடைசி இரண்டு வருடமும் அவருடைய இருமலைக் காதில் வைத்துக்கொண்டுதான் தூங்கினேன். மறுபடியும் ஒருவருடைய மூச்சை எண்ணிக்கொண்டு படுக்க வேண்டுமா என்ற பயம் எனக்கு இருந்தது. அந்தப் பயம் கையிலும் இருந்திருக்கும். கை எந்தத் திரையை எடுக்கும்?

ஆகவே நிவா தப்பாகப் படித்தார் என்று முழுமனதோடு சொல்ல முடியவில்லை. அவர் படித்தது பிப்ரவரி மாதத்து என்னை. மே மாதத்து நான் பலகையைத் துடைத்து வைத்துக்கொண்டு மூன்று மணி வரை காத்திருக்கிறவள். இவளை எப்படி அவருக்குக் காட்டுவது?

மழைக்காலம் வந்தது. அவரைத் தபால் அலுவலகத்தில் ஒரு முறை பார்த்தேன். "முழங்கால் எப்படி?" என்றேன். "தேவலை" என்றார். "மழை" என்றேன். "மழைதான்" என்றார். அவர் குடை அவ்வளவு ஒழுங்காக மடிக்கப்பட்டிருந்தது. வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது, நூடுல்ஸ் வேக வைத்துத் தின்றேன். அப்படித்தான் இருந்தேன், பெரிய துக்கத்தில் இருந்ததாக நினைக்க வேண்டாம்.

ஜூலையில் தேர்த்திருவிழா. தேர் ஓடுவதற்கு முந்தைய மாலைகளில் எங்கள் தெருவில் பழைய வீடுகளெல்லாம் முன்பக்கத்து மர அழியைக் கழற்றிவிட்டு, முன்னறையில் திரைகளை விரித்து வைக்கும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் எப்போதும் இந்த வாத்துத் திரைதான். கொதிக்கிற ஜூலையில் குளிர்ந்த நீரைப் பார்த்தால் கண்ணாவது குளிரும் என்று என் மாமனார் காலத்து ஏற்பாடு. நிவா ஒவ்வொரு வருடமும் முதல் மாலையிலேயே வந்து தெருவில் நின்று பார்த்து, ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போவார். இந்த வருடமும் வருவார் என்றுதான் நினைத்தேன். வராவிட்டால் அவரைப் பார்க்க நானே தபால் அலுவலகத்தில் போய்க் குடித்தனம் பண்ண வேண்டியதுதான்.

திரைகளைத் தூக்க இட்சுகோ வந்தாள். துணி உறையைக் கழற்றினோம். அவள் இடது திரையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எந்தப் பக்கம் அக்கா?"

நான் வாயைத் திறந்தேன். இடப்பக்கம் என்று சொல்லத்தான் திறந்தேன்.

"வலப்பக்கம்" என்றேன்.

"போன வருஷம் இது அந்தப் பக்கம் இல்ல?"

"ஆமா. இப்ப இந்தப் பக்கம்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தூக்கினாள். வில்லோவும் பறக்கும் வாத்துகளும் வலப்பக்கம் போயின. நாணலும் நீரும் இடப்பக்கம் வந்தன. ஓரங்களைச் சேர்த்து, மடிப்புகளைச் சரிசெய்து, நான் தெருவில் இறங்கிப் பார்த்தேன்.

வாத்துகள் வில்லோவைத் தாண்டிப் பறந்து வந்து, பொன் மூட்டத்துக்குள் நுழைந்து, நாணலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன. பாதி வாத்தின் முன்பாதி எங்கும் போகவில்லை, மூட்டத்துக்குள்தான் இருந்தது. அதற்கு நேர் கீழே, கரையில், கழுத்தை நீட்டி அலகைத் தூக்கி நின்ற வாத்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இவ்வளவு காலமும் தூணைப் பார்த்த வாத்து.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. வரைந்தவர் வேண்டுமென்றேதான் இப்படி வைத்தாரா, இரண்டு விதமாகவும் நிறுத்தலாம் என்று தெரிந்தே வரைந்தாரா, அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் ஒரு பொய்யை ஜோடித்து நிறுத்தப் போகிறேன் என்றுதான் பயந்துகொண்டு இறங்கினேன். பார்த்தால், கரையில் ஒருத்தி முன்பே நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, நல்லாதான் இருக்கு" என்றாள் இட்சுகோ. "ஆனா உங்க நாத்தனார் வருவாங்களே?"

அதை நான் மறக்கவில்லை. மறக்கக்கூடிய ஆள் இல்லை தோஷியே.

மாலையில் தேர்களில் விளக்கு ஏற்றும் நேரத்துக்கு, என் கணவரின் அக்கா தோஷியே கானாங்கெளுத்தி சுஷிப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார். இந்த வீட்டில் பிறந்தவர். எண்பதைத் தொடப் போகிறார், முதுகு பலகை போல நிமிர்ந்திருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே நின்றுவிட்டார்.

"கினுயே."

"வாங்க அண்ணி. வெயில்ல களைச்சுப் போயிருப்பீங்க."

"என் களைப்ப விடு. இது என்ன? கண்ணு ஆபரேஷன் எனக்கா உனக்கா நடந்துச்சு?"

"கொஞ்சம் மாத்தி வச்சுப் பார்த்தேன் அண்ணி."

"மாத்தி வச்சுப் பாக்கறதுக்கு இது என்ன ஜன்னல் திரையா? எங்கப்பா வச்ச எடம். என் தம்பி இருந்திருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடைக் கிமோனோ அணிந்த ஒரு பெரியவர் விசிறியை ஆட்டிக்கொண்டே, "இந்த வருஷம் ரொம்ப வித்தியாசமா, ரசனையா வச்சிருக்கீங்க" என்றார். எங்கள் ஊரில் இதைவிட மோசமாகத் திட்ட முடியாது. தோஷியே காது சிவக்க அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே வந்து, "கேட்டியா? ரசனையாம்! ஊர் சிரிக்கறதுக்கு முன்னால மாத்து. நான் ஒரு பக்கம் பிடிக்கறேன்" என்றார்.

"இன்னிக்கு ஒரு சாயங்காலம் இப்படியே இருக்கட்டும் அண்ணி."

"எதுக்கு?"

இந்த வீட்டில் நான் அவரை எதிர்த்துப் பேசியதே இல்லை. எதிர்க்கவும் தோன்றவில்லை. இருந்தாலும் அசையாமல் நின்றேன். தெருவில் மணியும் குழலும் தொடங்கிவிட்டன. அந்தச் சத்தத்தின் நடுவே, கூட்டத்தின் ஓரத்தில், நீலப் பருத்திக் கிமோனோவில் நிவா நின்றுகொண்டிருந்தார்.

வணக்கம் போடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார். பிப்ரவரியில் பார்த்தது போலவே, வலது ஓரத்திலிருந்து, மடிப்பு மடிப்பாக.

தோஷியேயும் அவரைப் பார்த்துவிட்டார். "நிவா-சான்! நல்ல நேரத்துல வந்தீங்க. பூவும் பறவையுமா பொழப்பு நடத்தினவராச்சே, நீங்களே சொல்லுங்க இவகிட்ட. இது சரியா?"

நிவா வாசல் கல் வரை வந்தார். விசிறியை மடக்கினார்.

"வலது இடது மாறியிருக்கு" என்றார்.

"கேட்டுக்கோ!" என்றார் தோஷியே.

படித்துவிட்டாரா, இல்லை, தப்பை மட்டும்தான் பார்த்தாரா? அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மடக்கிய விசிறியின் நுனியால் பறக்கும் கூட்டத்தைக் காட்டினார்.

"கினுயே-சான், இந்த வாத்துங்க எங்க போகுது?"

அவர் கேட்டுவிட்டார். எத்தனை மாதங்கள் கழித்து, தெருவில் நின்றுகொண்டு, என் நாத்தனார் முன்னால், வாத்தைப் பற்றியாவது ஒரு கேள்வி கேட்டுவிட்டார். பருவத்தைப் பற்றி ஏதாவது பொதுவாகச் சொல்லிவிட எனக்கு நாக்கு பழகியிருக்கிறது. இந்த வருஷம் சீக்கிரமே என்பது போல. அந்தப் பழக்கம் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினேன்.

"போகல" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "வருது. கரையில ஒண்ணு காத்துக்கிட்டு நிக்குது, பாருங்க."

தெருவில் விசிறிப் பெரியவர்கூடத் திரும்பிப் பார்த்தார். நிவா கரையில் நின்ற வாத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவருடைய காது மடல்கள் மெல்லச் சிவந்தன, நரைத்த முடிக்குப் பக்கத்தில் அது நன்றாகத் தெரிந்தது.

"ரொம்ப நாளாவா நிக்குது?" என்றார்.

"புதன்கிழமை புதன்கிழமை."

"நீங்க ரெண்டு பேரும் என்ன பேசிக்கறீங்க?" என்றார் தோஷியே. அவர் என்னையும் பார்த்தார், நிவாவையும் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் இரண்டு அடி முன்னால் போய், குனிந்து, கரை வாத்தைக் கிட்டத்தில் பார்த்தார்.

"சின்ன வயசுல இதுகிட்ட நான் சண்டை போட்டிருக்கேன்" என்றார். "எல்லாரும் எரை தேடறாங்க, நீ மட்டும் ஏண்டி தூணப் பாத்துக்கிட்டு நிக்கறேன்னு. எங்கப்பாகிட்ட கேட்டேன். அதுக்குப் பைத்தியம்னார்." நிமிர்ந்தார். "பைத்தியம் இல்ல போலிருக்கு."

"மாத்திடட்டுமா அண்ணி?"

"இப்ப மாத்தி என்ன ஆகப் போகுது, ஊரே பாத்தாச்சு. தேரு ஓடி முடியற வரைக்கும் இருக்கட்டும். அடுத்த வருஷம் ஒழுங்கா வை." பிறகு வாசலைப் பார்த்து, "நிவா-சான், அங்கேயே நின்னா எப்படி? சுஷி இருக்கு, மூணு பேருக்குக் காணும். முழங்கால் வலின்னு கேள்விப்பட்டேன்" என்றார்.

"தேவலை" என்றார் நிவா. "இன்னிக்கு ரொம்பத் தேவலை."

திருவிழா முடிந்து அழிகளை மாட்டினோம். திரைகள் உறைக்குள் போயின. அடுத்த புதன்கிழமை மதியம் பலகையைத் துடைத்து வைத்தேன். சுவரை மறைக்க ஒன்றும் வைக்கவில்லை. பெயர்ந்த பூச்சு பெயர்ந்தபடியே இருந்தது.

அவர் கோட்டு போடாமல், வழக்கமான சாயம் போன சட்டையில் வந்தார். கையில் இட்சுகோவின் சின்னப் பெட்டி. எதிரே உட்கார்ந்து கண்களை உயர்த்தினார்.

"இதத்தான் அன்னிக்கு மறைச்சு வச்சீங்களா?"

"இதேதான்."

அவர் அந்தப் பெயர்ந்த இடத்தைப் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். கண்கள் சுருங்கின. "இந்த மேல் ஓரம் வளையறது பாருங்க, கொஞ்சம்..."

"நிவா-சான்" என்றேன். "அது சுவரு. மழையில பூச்சு விழுந்துடுச்சு. அதுல தயவுசெஞ்சு ஒண்ணும் படிக்காதீங்க."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கச் சிரித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரி, படிக்கல" என்றார். கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிப்ரவரியில ஒரு பேச்சு தயார் பண்ணிட்டு வந்தேன். நல்லா இருந்துச்சு. இப்ப ஒரு வரி ஞாபகம் இல்ல. புதன்கிழமை மட்டும் வந்துட்டுப் போறது எனக்குப் போதல, கினுயே-சான். எனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு. குறட்டை விடுவேன். உங்களுக்கு எப்படின்னு கேக்கறேன். நேரா கேக்கறேன்."

குறட்டை என்றதும் எனக்கு அந்தப் பழைய பயம் வந்தது. வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. உட்காரட்டும் என்று விட்டேன்.

"எனக்கும் போதல" என்றேன்.

அவர் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். பிறகு என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பெட்டியைத் திறந்தேன். கண்ணாடி போன்ற ஜெல்லிக்குள் சின்னச் சின்னச் சிவப்பு மீன்கள், கோடைக்கு வருவது. எண்ணிப் பார்க்கவில்லை. கறுப்புக் கல் டப்பாவை என் பக்கம் இழுத்துக்கொண்டு முதல் கல்லை வைத்தேன். அவர் யோசித்து, வெள்ளைக் கல்லை எடுத்து வைத்து, இரண்டு விரலையும் அதன் மேலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"கைய எடுங்க" என்றேன். "அது எங்கயும் ஓடாது."